பழைய பாப்-அப் புத்தகங்கள்: மும்பையில் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

விரித்ததும் கோட்டையும் கப்பலும் எழுந்து நிற்கும் பழைய குழந்தைப் புத்தகங்களைத் தேட மும்பை நல்ல ஊர். மற்ற பழைய புத்தகங்களில் அட்டையையும் பதிப்பையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். இதில் அசைவைப் பார்க்க வேண்டும். எழ வேண்டியது எழாவிட்டால், எவ்வளவு பழசானாலும் மதிப்பு சரிந்துவிடும்.

1. எதில் தொடங்கலாம்?

ஜெர்மனியின் லோதர் மெகன்டார்ஃபர் (1847–1925) இந்தக் கலையின் பெரிய ஆசான். ஒரே தாள்நாக்கை (பக்க ஓரத்தில் இழுப்பதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் தாள்துண்டு) இழுத்தால் கை, தலை, கண் எல்லாம் சேர்ந்து அசையும்படி, மெல்லிய கம்பிச் சுருளால் மூட்டு போட்டவர். அவருடைய அசல் பிரதிகள் ஏலத்தில் போகிறவை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 1887-இல் வந்த அவருடைய சர்க்கஸ் புத்தகத்துக்குப் பிற்காலத்தில் மறுபதிப்பு உண்டு. நடைபாதையில் கண்ணில் பட்டால் அநேகமாக அதுதான். மூட்டு வேலை புரிய அதையும் வாங்கலாம், அசலின் விலைக்கு வேண்டாம்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பிராக் நகரத்து வோய்ட்யெக் குபாஷ்டா (1914–1992). கட்டடக்கலை படித்தவர். அது அவருடைய ஒவ்வொரு மடிப்பிலும் தெரியும். ஆர்ட்டியா என்ற பதிப்பகப் பெயரைத் தேடுங்கள். மாஸ்கோவின் மாலிஷ் பதிப்பகமும் இப்படிப் புத்தகங்கள் போட்டது. சோவியத் புத்தகங்கள் இங்கே மலிவாக விற்ற காலம் ஒன்று இருந்ததே, அதனால் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது இவை வெளியே வர வாய்ப்புண்டு.

வருடம் அச்சிடாத பிரதியில் நாட்டின் பெயரைப் பாருங்கள். செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்தால் 1993-க்கு முந்தையது; சோவியத் யூனியன் என்றால் 1991-க்குள்.

2. எங்கே தேடுவது?

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகள், ஃப்ளோரா ஃபவுன்டன், அப்புறம் உங்கள் தெரு ரத்திக்கடை, அதாவது பழைய பேப்பர் கடை. ரத்திக்காரரிடம் "படம் எழுந்து நிற்கும் புத்தகம்" என்று சொல்லி, போனில் ஒரு படத்தையும் காட்டி வையுங்கள். எடைக்குப் போகும் முன் எடுத்து வைப்பார்.

3. வாங்கும் முன்

இங்கே அவசரமே கூடாது. புத்தகத்தைச் சமமான இடத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் மெதுவாக, முழுதாக விரியுங்கள். எழும் உருவம் பாதியில் சிக்கினால் அழுத்தாதீர்கள்; எங்கே மடிப்பு தவறாகப் படிந்திருக்கிறது என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பக்கத்தில் பழுப்பான பசைத் தடமோ, சுற்றிலும் மங்கிய வண்ணத்துக்கு நடுவே பளிச்சென்ற ஒரு திட்டோ தெரிந்தால், அங்கே ஒட்டியிருந்த ஏதோ ஒரு துண்டு போய்விட்டது என்று அர்த்தம். தாள்நாக்கை இரண்டு விரலால் பிடித்து, பக்கத்துக்கு இணையாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் கிழியும்.

கிழிசலைவிட மோசம் செல்லோடேப். அது மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். எடுத்தால் அச்சும் கூடவே வரும். மடிப்போரத்துச் சின்னக் கிழிசல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் வைத்துச் சரிசெய்துவிடலாம்.

4. மழைக்காலம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை ஈரம்தான் நம் எதிரி. பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் பழைய பசையைத் தேடி வரும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். கனமாக எழும் புத்தகங்களைப் படுக்க வையுங்கள், மேலே வேறு எதையும் அடுக்காமல். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்; அமிலமில்லாத தாளில் சுற்றி, மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். மழை விட்ட நாளில், வெயில் நேரடியாகப் படாத அறையில், ஒவ்வொன்றையும் விரித்துக் கொஞ்ச நேரம் காற்றாட வையுங்கள். அப்போதே எந்த மடிப்பு இளகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.