தக்கலை வீட்டுக் கணினிக்கு வேகம் வந்த விதம்

எங்கள் வீட்டுக் கணினியை ஆன் செய்துவிட்டுப் போய் ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்து வரலாம். அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். புதிதாகவே வாங்கச் சொன்னார் மச்சான். எனக்கு மனசில்லை.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி எது எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கணினியின் மூளையான சிபியு சும்மா இருந்தது. கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. சரி, நோய் அங்கேதான். உள்ளே இருந்தது தட்டு சுற்றிப் படிக்கும் பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் பின்னணியில் ஏகப்பட்ட சின்னக் கோப்புகளைக் கேட்கும்போது அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஸ்டார்ட்அப்பில், அதாவது கணினி தொடங்கும்போதே தானாக ஓடுபவற்றில், வேண்டாதவற்றை நிறுத்தியதில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் நாகர்கோவிலில் சாட்டா இணைப்பில் செருகும் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கினேன். படங்களையும் ஆவணங்களையும் பத்திரப்படுத்திவிட்டு, விண்டோஸை அதில் புதிதாக ஏற்றினேன். சாயா போட இப்போது நேரம் கிடைப்பதில்லை! ராம், அதாவது ஓடும் நிரல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி, கூட்டுவதும் நல்லதுதான். ஆனால் ஒன்றுக்குத்தான் காசு என்றால் என் ஓட்டு எஸ்எஸ்டிக்கு.

பிரவுசர் தனிக் கதை. குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி நிரல்) மெமரியைத் தின்கிறது என்று தெரியும். பிள்ளைகள் போட்டுவைத்த கூப்பன் எக்ஸ்டென்ஷன்களை நீக்கி, பயன்படுத்தாத டேப்களின் மெமரியை விடுவிக்கும் மெமரி சேவரை ஆன் செய்தேன். கேஷை, அதாவது பார்த்த பக்கங்களிலிருந்து பிரவுசர் சேமித்துவைப்பதை, அடிக்கடி அழிப்பதில் பயனில்லை. பக்கங்கள் மறுபடி முதலிலிருந்து இறங்க வேண்டியிருக்கும்.

கேபினட்டைத் திறந்த கையோடு ஃபேன் தூசியையும் பிரஷால் தட்டினேன். குளச்சல் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் ராம் முனைகளையும் துடைத்துவிடுங்கள், உப்புக்காற்று உலோகத்தைச் சும்மா விடாது.