மாந்தோப்பு சென்சாருக்கு ஒரு சிக்கன பூஸ்ட் சர்க்யூட்

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் மாந்தோப்பில் மண் ஈர சென்சாருக்கு 5 வோல்ட் வேண்டும். இருப்பது ஒரு 3.7 வோல்ட் லித்தியம் செல்; அதை 5-க்கு உயர்த்துவதுதான் பூஸ்ட் சர்க்யூட்டின் வேலை. அதற்கான துடிப்புகளை உருவாக்க சாதாரண 555 டைமர் சிப் வேண்டாம். அது 4.5 வோல்ட்டுக்குக் கீழே சரிவராது, சுமார் 3 மில்லிஆம்பியர் வேறு குடிக்கும். அதன் குறைந்த மின்சாரம் எடுக்கும் சீமாஸ் வகையான 7555 போடுங்கள், 100 மைக்ரோஆம்பியருக்குள் முடிந்துவிடும். அந்தத் துடிப்பால் இயங்கும் ஸ்விட்சான மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் 3 வோல்ட்டிலேயே நன்றாகத் திறப்பதாக இருக்கட்டும்.

கட்டுப்பாட்டுக்கு, இரண்டு வோல்ட்டேஜ்களை ஒப்பிடும் எம்சிபி6541 கம்பரேட்டர்; அது எடுப்பது 1 மைக்ரோஆம்பியருக்குள்தான். நிலையாக 1.2 வோல்ட் தரும் எல்எம்385-1.2 ரெஃபரன்ஸை 82 கிலோஓம் வழியாக செல்லோடு இணைத்து, அதிலிருந்து 100 கிலோஓம் வழியாக பிளஸ் இன்புட்டுக்குக் கொடுங்கள். சர்க்யூட்டின் 5 வோல்ட் அவுட்புட்டை மேலே 3 மெகாஓம், கீழே 1 மெகாஓம் வைத்துப் பிரித்து மைனஸுக்கு. கம்பரேட்டர் அவுட்புட் 7555-இன் ரீசெட்டுக்குப் போகட்டும்: 5 வோல்ட்டைத் தாண்டினால் ஆசிலேட்டர், அதாவது 7555, நிற்கும், இறங்கினால் ஓடும். கம்பரேட்டர் அவுட்புட்டிலிருந்து அதன் பிளஸுக்கு 10 மெகாஓம் போட்டால், நிற்கும் அளவுக்கும் ஓடும் அளவுக்கும் நடுவே சுமார் 0.15 வோல்ட் இடைவெளி கிடைக்கும், அடிக்கடி நின்று ஓடித் துடிக்காது.

அப்புறம் முக்கியமானது: மெகாஓம் ரெசிஸ்டர் என்றால் போர்டு சுத்தமாக இருக்க வேண்டும். மார்கழிப் பனியில் என் போர்டில் சால்டரிங் ஃப்ளக்ஸ் கறை ஈரமாகி மின்சாரம் கசிந்து, வோல்ட்டேஜ் தாறுமாறாக ஓடியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, காய்ந்தபின் வார்னிஷ் பூசினேன், அதன்பின் அசையவில்லை.