ரூம்ல எக்கோவா, வெளிச்சத்தமா? ஃபோம் வாங்க முதல் இதைச் செஞ்சு பாருங்கோ

ஒன்லைனில வயலின் கிளாஸ் எடுக்கிற தங்கச்சி முறையான பிள்ளை ஒண்டு போன கிழமை கோல் எடுத்து, "அண்ணா, ரூமை சவுண்ட் ப்ரூஃப் பண்ண எத்தினை ஃபோம் ஷீற் வேணும்" எண்டு கேட்டா. நான் திருப்பிக் கேட்டது ஒண்டுதான்: "உன்ர வாசிப்பு பக்கத்து வீட்டுக்குப் போறது பிரச்சினையா, இல்லாட்டி அங்கால கேக்கிற பிள்ளையளுக்கு கிணத்துக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது பிரச்சினையா?" ரெண்டும்தானாம். அப்ப ரெண்டு மருந்து வேணும், ஃபோம் அதில ஒண்டுக்குத்தான் மருந்து, அதுவும் அரைவாசிதான்.

இதை நான் காசு குடுத்துப் படிச்சனான். திருகோணமலை உவர்மலையில நான் ரெக்கோட் பண்ணுற என்ர ரூம் நாலு சுவருக்கும் கூர்கூரா இருக்கிற ஃபோமை ஒட்டிப்போட்டு மைக்கைப் போட்டா, கோயில் திருவிழா ஸ்பீக்கர் முந்தியிருந்ததை விடத் தெளிவாக் கேக்குது! ஏனெண்டா உள்ளுக்க இருந்த எக்கோ கொஞ்சம் மூடி வச்சிருந்ததை நானே துடைச்சு விட்டிருக்கிறன். வெளிச்சத்தம் ஒரு துளியும் குறையேல்ல.

முதல்ல சோதனை

ரூமுக்கு நடுவில நிண்டு ஒருக்கா பலமாக் கை தட்டுங்கோ. தட்டின பிறகு "டிர்ர்ர்" எண்டு பல்லி கத்திற மாதிரி ஒரு வால் வந்தா, நேருக்கு நேர் நிக்கிற ரெண்டு சுவருக்கு இடையில சத்தம் பந்து விளையாடுது. அது உள்வீட்டுப் பிரச்சினை.

அடுத்தது ஃபேனை நிப்பாட்டி, போனில ரெண்டு நிமிசம் சும்மா ரெக்கோட் பண்ணி ஹெட்போனில கேளுங்கோ. கேக்கிறதை எல்லாம் ஒரு கடதாசியில எழுதுங்கோ: காகம், த்ரீவீல், பாங்கு, கோயில் மணி, பாண் வண்டிப் பாட்டு, துறைமுகத்துக் கப்பல் ஹோர்ன். அந்த லிஸ்ற் நீளமெண்டா அது வெளிப்பிரச்சினை. திருகோணமலையில நீளமாத்தான் இருக்கும், பயப்பிடாதீங்கோ.

வெளிச்சத்தம்: காத்துப் போற இடத்தால சத்தமும் போகும்

இரவில ரூம் லைற்றை நூத்துப்போட்டு, வெளியில ஒராளை டோர்ச் அடிக்கச் சொல்லி கதவு, யன்னல், கூரை ஓரமெல்லாம் பாருங்கோ. வெளிச்சம் வாற கீறல் எல்லாம் சத்தத்துக்கும் வழி, உள்ள வாறதுக்கும் சரி, உங்கட வாசிப்பு வெளிய போறதுக்கும் சரி. சின்ன ஓட்டைதானே எண்டு விடக்கூடாது, கணக்கைப் பாருங்கோ: 10 அடிக்கு 10 அடி சுவர் எண்டா 100 சதுர அடி, அதில ஒரு சதுர அடி காத்து ஓட்டை நூத்தில ஒண்டு, அந்த ஒண்டு திறந்திருந்தா மிச்சச் சுவர் கோட்டைச் சுவராவே இருந்தாலும் மொத்தமா 20 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கிற அலகு) மேல தடுக்க ஏலாது. பூசின 4 இஞ்சி புளொக் சுவர் தனிய 40 டெசிபல் அளவு தடுக்கக்கூடியது. அரைவாசியை அந்த ஓட்டை திண்டிட்டுது. எங்கட வீடுகளில அப்பிடி ஓட்டை சுவருக்கு ரெண்டு மூண்டு இருக்கும்.

அதால செலவு குறைஞ்சதில இருந்து தொடங்குங்கோ. கதவுக்குக் கீழ ரப்பர், நிலையைச் சுத்தி ஒட்டுற பீடிங், யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில சிலிக்கோன். கதவு தட்டினா பொத்தெண்டு கேக்கிற உள்வெறும் கதவெண்டா ஓடாவியிட்டச் சொல்லி பாரமான முழுப்பலகைக் கதவாப் போடுங்கோ. சத்தத்தை மறிக்கிறது பாரம். தடுப்பின்ர பாரத்தை ரெட்டிப்பாக்கினா கூடினபட்சம் 6 டெசிபல் அளவு கூடக் கிடைக்கும். சவ்வுமிட்டாய் மாதிரி இருக்கிற ஃபோமில என்ன பாரம் இருக்கு? முட்டை மட்டையும் அந்தக் கதைதான், மேலதிகமா கரப்பானும் வரும்.

காத்து ஓட்டையை மட்டும் சும்மா அடைச்சுப் போடாதீங்கோ. கச்சான் அடிக்கிற மாசங்களில காத்தில்லாத ரூமுக்குள்ள இருந்து பாருங்கோ, சத்தம் பரவாயில்லை எண்டு ஓடி வருவீங்கள். ஓட்டைக்கு முன்னால பலகையில ஒரு பெட்டி அடிச்சு, உள்ளுக்கு ரெண்டு மூண்டு தடுப்பு வச்சு காத்து வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரிச் செய்து, உள்பக்கம் முழுக்க ரொக்வூல் (கல்லை உருக்கிச் செய்யிற பஞ்சு) இல்லாட்டி ஃபோம் ஒட்டுங்கோ. காத்து வரும், சத்தம் ஒவ்வொரு வளைவிலயும் கொஞ்சம் கொஞ்சமாச் சாகும்.

கூரைதான் பெரிய தலையிடி. சீற் கூரைக்கு சுவரின்ர பாரத்தில பத்தில ஒரு பங்குகூட இல்லை. கூரையில முட்டாமல் தனிச்சட்டம் அடிச்சு ரெண்டு படை ஜிப்சம் போர்ட் சீலிங் போட்டு, அதுக்கு மேல ரொக்வூல் பரப்பினா நல்ல வித்தியாசம் தெரியும், செலவும் தெரியும். அஸ்பெஸ்டஸ் சீற்றெண்டா அதில துளை போடவோ வெட்டவோ சுரண்டவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கூடாது.

கப்பல் ஹோர்னை விட்டிடுங்கோ. 200 மீற்றருக்கு மேல நீளமான கப்பலுக்கு ஹோர்ன் 70 தொடக்கம் 200 ஹேர்ட்ஸுக்குள்ள (செக்கனுக்கு எத்தினை அதிர்வு எண்ட கணக்கு), அதாவது நல்ல தாழ்ந்த சத்தமா இருக்கோணும் எண்டது சர்வதேச விதி. 100 ஹேர்ட்ஸ் அலை ஒண்டு எங்கட சூட்டில மூண்டரை மீற்றர் நீளம், அப்பிடி நீள அலையை மறிக்கிறது எங்கட வீட்டு வேலையால ஏலாது. கோதுமைக் கப்பல் ஊதினா நான் ரெக்கோடிங்கை நிப்பாட்டிப்போட்டு தேத்தண்ணி குடிக்கிறனான்.

எக்கோ: இதைத்தான் எங்களால உண்மையா வெல்ல ஏலும்

1895இல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில ஃபொக் மியூசியம் விரிவுரை மண்டபத்தில கதைச்சா ஒருத்தருக்கும் விளங்காது. ஒரு சொல்லுச் சொன்னா அஞ்சு செக்கனுக்கு மேல சத்தம் சுத்திக்கொண்டு நிக்கும். வாலஸ் சபைன் எண்ட இளம் விரிவுரையாளரிட்ட இதைத் திருத்தச் சொன்னவை. அவர் பக்கத்துத் தியேட்டர் இருக்கை மெத்தைகளைக் கடன் வாங்கி, இரவிரவாக் கொண்டுவந்து அடுக்கி, எத்தினை மெத்தைக்கு எவ்வளவு குறையுது எண்டு அளந்து, விடியக் கொண்டுபோய்த் திருப்பி வச்சவர். அதில வந்த சூத்திரம் இப்பவும் பாவனையில: 0.161 ஐ ரூமின்ர கனவளவால பெருக்கி, ரூம் உறிஞ்சிற அளவால பிரிச்சா எத்தினை செக்கன் சத்தம் நிக்கும் எண்டு வரும்.

பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர ரூமை எடுங்கோ. 27 கன மீற்றர், சுவர் நிலம் சீலிங் எல்லாம் சேர்த்து 54 சதுர மீற்றர். பூச்சுச் சுவர் படுற சத்தத்தில நூத்துக்கு மூண்டுதான் உறிஞ்சும், 54இல அது 1.6, அதுதான் ரூம் உறிஞ்சிற அளவு. விடை 2.7 செக்கன். இப்ப 4 அடிக்கு 2 அடி பனல் ஆறு போட்டா உறிஞ்சிறது இன்னொரு 4 கூடும், விடை 0.8 செக்கனுக்கு இறங்கும். கட்டில் மெத்தை, தடிச்ச கேர்ட்டின், திறந்த உடுப்பு அலுமாரி எல்லாம் சேர அரைச் செக்கன் அளவில நிக்கும். குரலுக்கு அது காணும்.

பனல் செய்யிறது லேசு. பலகைச் சட்டம், அதுக்குள்ள 2 இஞ்சி ரொக்வூல், மேல பருத்தித் துணி. துணியை வாயில வச்சு ஊதிப் பாருங்கோ, மூச்சு அங்கால போனாச் சரி, போகாட்டி வேண்டாம். பழைய சாரம் அருமையா வேலை செய்யும், கோடு கோடா வடிவாவும் இருக்கும். ரொக்வூலைத் தொடேக்க கையுறை, மாஸ்க், நீளக்கை சேட், இல்லாட்டி ரெண்டு நாளைக்குச் சொறிவீங்கள். கிடைக்காட்டி பழைய தும்பு மெத்தையை வெட்டிப் போடுங்கோ, அந்தளவுக்கு இல்லாட்டியும் சும்மா சுவரை விட எவ்வளவோ மேல்.

கொழுவேக்க சுவரோட ஒட்டாமல் 2 இஞ்சி இடைவெளி விடுங்கோ. சுவரோட ஒட்டின இடத்தில காத்து அசையாது, தள்ளி வந்தாத்தான் அசையும், அசையிற காத்தைத்தான் பஞ்சு பிடிச்சு நிப்பாட்டும். இடைவெளி விட்டா கடல்காத்து ஈரத்துக்குப் பூஞ்சணமும் குறையும்.

எங்க கொழுவிறது? மைக்குக்கு முன்னால நீங்கள் இருக்கிறீங்கள், மைக் பாக்கிறது உங்களையும் உங்கட முதுகுக்குப் பின்னால இருக்கிற சுவரையும். அதால முதல் ரெண்டு பனல் உங்களுக்குப் பின்னால. அடுத்தது ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு, மிச்சம் தலைக்கு மேல. ரூமின்ர நடுச்சென்டரில இருக்காதீங்கோ, அங்க சில தாழ்ந்த சுரம் காணாமல் போகும்.

சாதாரண பொலியூரித்தேன் ஃபோம் எண்டா ஒரு விசயம். 2003இல அமெரிக்காவில ரோட் ஐலண்டில ஒரு கிளப்பில சுவரில இருந்த அந்த மாதிரி ஃபோமில மத்தாப்புப் பொறி பட்டு 100 பேர் செத்தவை. எங்கட ஆக்கள் வயலினை எடுக்க முதல் குத்துவிளக்குக் கொளுத்துவினம், சாம்பிராணி போடுவினம். அதை வெளி ஹோலில வச்சுக் கும்பிட்டிட்டு வாங்கோ.

எல்லாம் பூட்டின பிறகு திரும்பக் கை தட்டுங்கோ. "டிர்ர்ர்" போய் வெறும் "டப்" மட்டும் கேக்கோணும்.

சபைன் அளந்ததும் நடுச்சாமத்திலதான், பகலில ட்ராம் சத்தம் விடாது. நானும் அவரைப் பாத்து இரவு பதினொரு மணிக்குப் பிறகு, ஃபேனை நிப்பாட்டி, ஒரு துவாயைக் கழுத்தில போட்டுக்கொண்டுதான் ரெக்கோட் பண்ணுறனான். வாடைக்காத்து மழை சீற்றில கொட்டுற இரவுகளில அதுவும் இல்லை. தங்கச்சிக்கு பின்னேரக் கிளாஸை இரவுக்கு மாத்த ஏலாது, அதால அவவுக்கு இப்ப ஆறு பனலும் கதவு ரப்பரும்தான். சாரம் கேட்டு வீடு வீடாப் போறா.