ஒருவருக்கு வெயில், ஒருவருக்கு நிழல்: இருவருக்கும் பொருந்தும் கப்பல் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தம்பதியில் ஒருவருக்கு நீச்சல் குளத்தருகே மணிக்கணக்கில் வெயில் காய ஆசை. இன்னொருவருக்கோ அரை மணி நேரம் வெயிலில் நின்றால் தலைவலி வந்துவிடும், அல்லது தோல் சிவந்துவிடும். இப்படிப்பட்ட இருவர் விலையையும் ஊர்ப் பட்டியலையும் மட்டும் பார்த்துப் பதிவு செய்தால், ஒருவர் மேல்தளத்திலும் மற்றவர் திரை போட்ட அறைக்குள்ளுமாக ஒரு வாரம் கழிந்துவிடும். பதிவு செய்வதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: தேர்வு நிழல் தேடுபவரை வைத்தே நடக்க வேண்டும். கப்பலில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. மிக மலிவான உள் அறை எடுத்தவரும் மேல்தளத்தில் காலை முதல் மாலை வரை படுத்திருக்கலாம். கடலைப் பார்த்தபடி காற்றாட உட்காரும் நிழல்தான் குறைவு. கூடுதல் பணம் கொடுப்பதென்றால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

வெயிலில் எது ஒத்துக்கொள்ளவில்லை?

'எனக்கு வெயில் ஆகாது' என்று சொல்பவரிடம், எது ஆகவில்லை என்று கேளுங்கள். வெக்கையா, கண்ணைக் கூசும் ஒளியா, தோலைத் தாக்கும் புற ஊதாக் கதிரா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

வெக்கை மட்டும்தான் பிரச்சினை என்றால் குளிர்ந்த கடலுக்குப் போனாலே பாதி வேலை முடிந்தது. ஒற்றைத் தலைவலிக்காரர்களைப் படுத்துவது பெரும்பாலும் ஒளிதான். அவர்களுக்குக் குளிர்ந்த கடலும் உதவாமல் போகலாம், ஏனென்றால் கோடையில் நார்வேயின் வடக்கே இரவிலும் வெளிச்சம் அணைவதில்லை.

புற ஊதாக் கதிரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். லூபஸ் (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள், டாக்ஸிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதையசைடு, அமியோடரோன் போன்ற மருந்துகளை எடுப்பவர்கள் ஆகியோருக்குத் தோல் சீக்கிரம் பாதிக்கப்படும். இரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்திருக்கிறது. ஆகவே மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு திட்டமிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. முகத்தில் மங்கு (கருந்திட்டு) உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அந்தத் திட்டுகளை அதிகமாக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன் வேண்டும்.

கடலும் மாதமும்

புற ஊதாக் கதிரின் அளவு சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வெப்பநிலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. வடக்கு அரைக்கோளத்தில் ஜூன் 21 வாக்கில் சூரியன் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். கடல்நீரோ மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். மத்தியதரைக் கடல் ஆகஸ்டில்தான் உச்ச வெப்பத்தை எட்டுகிறது, அக்டோபரிலும் அந்தச் சூடு முழுதாகப் போவதில்லை.

வெயில் விஷயத்தில் ஒத்துப்போகாத இருவருக்கு இந்த இடைவெளிதான் பெரிய வாய்ப்பு. அக்டோபர் 10 வாக்கில் நண்பகல் சூரியன் நிற்கும் உயரமும் மார்ச் 4 வாக்கில் நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் அக்டோபர்க் கடல் 23 டிகிரி அளவில் இருக்கும். ஏப்ரலில் 17 டிகிரிதான். ஏப்ரலில் சூரியன் அக்டோபரைவிட உயரமாகவும் இருக்கும். அதாவது வசந்தத்தில் போனால் குளிக்க முடியாத குளிர்ந்த நீரும் தோலைச் சுடும் வெயிலும் சேர்ந்து கிடைக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை போனால் ஒருவர் நீந்தலாம், மற்றவர் தொப்பியோடு நடக்கலாம். கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த நாட்களைத்தான். அக்டோபர் பிற்பாதியில் மழையும் கடல் கொந்தளிப்பும் வர வாய்ப்பு கூடும்.

டிசம்பர், ஜனவரியில்தான் விடுமுறை என்றால் கேனரி தீவுகளும் மடெய்ராவும் பொருந்தும். பகலில் 20 டிகிரியை ஒட்டிய இதமான வெப்பம், தாழ்ந்த சூரியன். அதே மாதங்களில் தெற்கு கரீபியனுக்குப் போனால், குளிர்காலம் என்ற பெயர்தான் இருக்கும். பார்படோஸ் போன்ற தீவுகளில் நண்பகல் வெயில் மிகக் கடுமையாகவே அடிக்கும்.

நார்வே வடக்குக் கடற்கரையைப் பலர் 'வெயிலே இல்லாத இடம்' என்று தள்ளிவிடுகிறார்கள். ட்ரோம்சோவில் மே 20 முதல் ஜூலை 22 வாக்கில் வரை சூரியன் மறைவதே இல்லை. ஜூன் 21 நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 44 டிகிரிக் கோணத்துக்கு மேல் ஏறாது. இரவு 9 மணிக்கு மேல் புற ஊதாக் கதிர் மிகக் குறைந்திருக்கும் நேரத்தில் இருவரும் ஒன்றாக வெயிலில் உட்காரலாம். ஆனால் ஜூலையில் அங்கே சராசரி வெப்பம் 12 டிகிரிதான். வெயில் விரும்புபவர் உடம்பு சூடேறுவதை விரும்புகிறாரா, வெளிச்சத்தை விரும்புகிறாரா என்று தெரிந்த பிறகே இதை எடுங்கள். அலாஸ்காவும் இதே வகைதான். கெட்சிகன் ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, மேல்தளத்தில் படுக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் எளிதாக எடுப்பது சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் செல்லும் 3, 4 இரவுப் பயணங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி என்பதால் எந்த மாதத்திலும் புற ஊதாக் குறியீடு (கதிரின் வலிமையைக் காட்டும் எண்) நண்பகலில் 10-ஐத் தாண்டலாம். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவக் காரணத்தால் வெயிலைத் தவிர்ப்பவர்களுக்கு இந்தப் பாதை கடினமானது. உள்ளரங்க வசதி நிறைந்த பெரிய கப்பலாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

கடிகாரத்தை நம்பாதீர்கள்

'10 மணி முதல் 2 மணி வரை வெளியே போகாதே' என்ற அறிவுரை பல துறைமுகங்களில் தவறான நேரத்தைக் காட்டும். கோடை நேரத்தில் பார்சலோனாவில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.50 வாக்கில். ஸ்பெயினின் மேற்கு ஓரமான விகோவில் 2.30-ஐத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் 1 மணியை ஒட்டி. ஆகவே பார்சலோனாவில் 2 மணிக்கு 'இனி பயமில்லை' என்று கிளம்புபவர் உச்சி வெயிலில்தான் இறங்குகிறார். எந்த ஊரிலும் பொருந்தும் வழி நிழலைப் பார்ப்பது: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேல் இருக்கிறது, நிழலுக்குள் போக வேண்டும்.

துறைமுகத்தில் நிற்கும் நேரமும் இதனால்தான் முக்கியம். பல கப்பல்கள் காலை 7, 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பிவிடும். கரையில் கிடைக்கும் நேரம் முழுவதும் கடும் வெயிலில் போகும். பயண அட்டவணையில் ஊர்ப் பெயர்களை மட்டும் பார்க்காமல் கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். இரவு 9 மணிக்கு மேல் கிளம்பும் ஊர்களோ, ஓர் இரவு தங்கும் ஊர்களோ குறைந்தது இரண்டு இருந்தால் அந்தப் பயணத்தை முன்னால் வையுங்கள். மாலை 5 முதல் 8 வரை இருவரும் சேர்ந்து நடக்கும் நேரம்.

ஊர்களையும் தரம் பிரிக்கலாம். துருக்கியின் குசதாசித் துறைமுகத்திலிருந்து போகும் பழங்கால நகரமான எபேசஸில் சலவைக்கல் பாதை வெயிலை முகத்துக்கே திருப்பும். மாடிவீடுகள் என்ற பகுதிக்கு மட்டும் கூரை உண்டு, அதற்குத் தனிச்சீட்டு. கிரேக்கத்தின் டெலோஸ் தீவில் ஒதுங்க இடமே இல்லை என்று சொல்லலாம். குரோஷியாவின் துப்ரோவ்னிக் மதில்மேல் நடை சுமார் 2 கிலோமீட்டர், பெரும்பகுதி வெட்டவெளி. மாறாக ரோட்ஸ் பழைய நகரம், மாண்டினீக்ரோவின் கோட்டோர், மால்டாவின் வாலெட்டா ஆகியவற்றின் குறுகிய தெருக்களில் ஏதாவது ஒரு பக்கம் நிழல் இருந்துகொண்டே இருக்கும். கிரீட் தீவின் ஹெராக்லியனில் ஒருவர் கடற்கரைக்குப் போக, மற்றவர் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடலாம். தனித்தனியே போவதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஆனால் எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்பதைக் கப்பல் நேரத்தில் பேசிவையுங்கள். சில கப்பல்கள் ஊர் நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை.

கப்பலின் தளப்படத்தில் எதைத் தேடுவது

முதலில் மூடித் திறக்கும் கூரை உள்ள நீச்சல் குளம். ஹாலண்ட் அமெரிக்கா நிறுவனக் கப்பல்கள், வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்கள், ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் ஆகியவற்றில் இது உண்டு. அடுத்து, கப்பலைச் சுற்றி வரும் நடைதளம், அதுவும் உயிர்காப்புப் படகுகளுக்குக் கீழே அமைந்தது. மேலே தொங்கும் படகுகளே பந்தல் போல நிழல் தரும். பகல் 12 மணிக்கும் சாய்வு நாற்காலியில் கடலைப் பார்க்கலாம். குவீன் மேரி 2-இன் 7-ம் தளம் சுற்றிவர நடக்கக் கூடியது. புதிய பெரிய கப்பல்கள் பலவற்றில் இந்த நடைதளம் சுருங்கிவிட்டது, அல்லது பாதியில் முடிந்துவிடுகிறது. தளப்படத்தில் விரலை வைத்து முழுச் சுற்று வருகிறதா என்று பாருங்கள்.

சொலேரியம் எனப்படும் கண்ணாடிக் கூரை அரங்கைப் பார்த்து 'நிழல் இருக்கிறது' என்று முடிவு செய்துவிடாதீர்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் தோலைச் சுடும் யுவிபி வகையின் பெரும்பகுதியைத் தடுக்கும், யுவிஏ என்ற இன்னொரு வகையையும் ஒளியையும் உள்ளே விட்டுவிடும். மங்கு, லூபஸ் உள்ளவர்களுக்கு அது போதாது. நண்பகலில் உள்ளே புழுக்கமும் ஏறும்.

கப்பல் நிறுவனம் தன் பயணிகளுக்கென்றே வைத்திருக்கும் தனித்தீவில் நிற்கும் நாளும் நிழல்காரருக்கு நல்ல நாள்தான். பகாமாஸின் கோகோகே போன்ற தீவுகளில் கூட்டம் முழுதும் மணலுக்கு இறங்கியதும் கப்பல் காலியாகிவிடும். நடைதள நாற்காலியும் மூடிய குளமும் யாரும் போட்டி போடாமல் கிடைக்கும்.

எந்தப் பக்கம் பால்கனி?

வடக்கு அரைக்கோளத்தின் நடுப்பகுதிகளில் நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும். கப்பல் மேற்கு நோக்கிப் போனால் இடப்பக்கம் வெயில், கிழக்கு நோக்கிப் போனால் வலப்பக்கம் வெயில். வடக்கு நோக்கிப் போனால் காலையில் வலப்பக்கமும் மாலையில் இடப்பக்கமும் வெயில் விழும். கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பயணத்தில் போகும்போது கிடைத்த நிழல் திரும்பும்போது போய்விடும், ஆகவே பக்கத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு வழிப் பயணத்தில்தான் பக்கம் பலன் தரும். வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் சூவர்டு நோக்கி வடமேற்காகப் போகும் பயணம் நல்ல எடுத்துக்காட்டு: வலப்பக்கம் கரையையும் மலைகளையும் பார்க்கும், பிற்பகல் வெயிலுக்கும் முதுகு காட்டியிருக்கும். சூவர்டிலிருந்து தெற்கே வரும்போது அதே காரணத்தால் இடப்பக்கம்.

பக்கத்தைவிட மேலே என்ன இருக்கிறது என்பது நிலையான பலன் தரும். நீச்சல் குளத் தளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கப்பல்களில் அதற்கு நேர் கீழே உள்ள பால்கனிக்கு ஆழமான நிழல் விழும் (மேலே நாற்காலி இழுக்கும் சத்தமும் சேர்ந்து வரும்). கப்பலின் உடலுக்குள் குடைந்து அமைத்த தாழ்தளப் பால்கனிகள் இன்னும் நல்ல நிழல். பின்புற அறைகள் படிக்கட்டு போல அடுக்கப்பட்டிருந்தால் பால்கனியின் பாதி திறந்த வானத்துக்குக் கீழே இருக்கும். வெயில் விரும்புபவர் அதைத்தான் கேட்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். ராயல் கரீபியனின் ஒயேசிஸ் வகைக் கப்பல்களில் நடுவே உள்ள சென்ட்ரல் பார்க் தோட்டத்தைப் பார்க்கும் பால்கனிகளும் உண்டு. இருபுறமும் உயர்ந்த சுவர்கள் என்பதால் பகலின் பெரும்பகுதி நிழல்தான், ஆனால் கடல் தெரியாது.

விலை குறைவு என்று 'கேரண்டி' அறை எடுக்காதீர்கள். அறை எண்ணை நிறுவனமே ஒதுக்கும். மேற்சொன்ன எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

எடுத்துச் செல்வது

உடல் முழுவதும் ஒரு முறை பூச 30 முதல் 35 மில்லிலிட்டர் சன்ஸ்கிரீன் தேவை. பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை, அதனால்தான் எஸ்பிஎஃப் 50 பூசியும் கருகுகிறார்கள். முகம், கழுத்து, கை, முழங்காலுக்குக் கீழ் என்று மட்டும் கணக்கிட்டால்கூட இரண்டு மணிக்கொருமுறை பூசும் ஒருவருக்கு 7 நாளுக்கு 300 மில்லிலிட்டர் ஆகும். விமானத்தில் அதைப் பெரிய பெட்டியில் வையுங்கள். ஹவாயில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ள சன்ஸ்கிரீன் விற்பனைக்கு 2021 முதல் தடை இருக்கிறது. அவை இல்லாத, துத்தநாக ஆக்சைடு உள்ளதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

குடை கப்பலில் பயன்படாது. மணிக்கு 20 கடல் மைல் (20 நாட்) வேகத்தில் போகும் கப்பலின் மேல்தளத்தில் காற்றே இல்லாத நாளிலும் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும். தாடைக்குக் கீழே கட்டும் நாடாவுள்ள அகலத் தொப்பியும் யுபிஎஃப் 50 (துணியின் புற ஊதாக் காப்பு அளவு) உள்ள முழுக்கைச் சட்டையும் வேண்டும். நனைந்த வெள்ளைப் பருத்திச் சட்டை மிகக் குறைவாகவே காக்கும். இந்தக் காற்று வெயில் விரும்புபவரையும் ஏமாற்றும்: சூடு தெரியாது, மாலையில் தோள் எரியும்போதுதான் தெரியும். மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் 90 சதவீதத்துக்கும் மேலாகக் கீழே விடும் என்பதால் மூட்டமான நாளிலும் பூசிக்கொள்ள வேண்டும்.

கப்பல் ஏறும் நாளில் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதுவரை பலர் தொப்பியில்லாமல் மேல்தளத்தில் நிற்கிறார்கள். தொப்பி, கருப்புக் கண்ணாடி, மாத்திரைகள், 100 மில்லிலிட்டர் சன்ஸ்கிரீன், நீச்சலுடை இவை கைப்பையில் இருக்கட்டும்.