வானத்திலிருந்து தொடங்குங்கள்: சிஸ்லியின் வெள்ளக் காட்சியைப் பார்த்து வரையப் பழகுவது எப்படி?

கணநேர வெளிச்சத்தைத் தீற்றல் தீற்றலாகப் பிடிக்கும் இம்ப்ரெஷனிச பாணியில் நிலக்காட்சி வரைய ஆசைப்படுகிறவர்களில் பலர் நேராகப் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளத்தில் இறங்குகிறார்கள். பாதியில் திணறிப்போய் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். அந்தப் படங்களில் அடிவானமே கிடையாது. பிடித்துக்கொள்ள ஒரு கோடும் இல்லாத படம், புதிதாக வரைகிறவருக்குச் சரிப்படாது.

என்னைக் கேட்டால், ஆல்ஃப்ரெட் சிஸ்லியிடம் போகச் சொல்வேன். அவர் படத்தில் வானம், தண்ணீர், கட்டடம், மரம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். எதை முதலில் வரைவது என்பதையும் அவரே சொல்லி வைத்திருக்கிறார். இந்தப் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது 1876இல் அவர் வரைந்த 'போர்-மார்லியில் வெள்ளம்' (போர்-மார்லி என்பது ஓர் ஊரின் பெயர்). பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் படம் இது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால், நல்ல தரமான படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

யார் இந்த சிஸ்லி?

1839இல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயர்கள், அப்பா வியாபாரி. தொழில் பழகட்டும் என்று மகனை லண்டனுக்கு அனுப்பினார்கள். மகனோ ஆங்கில நிலக்காட்சி ஓவியர்கள் கான்ஸ்டபிள், டர்னர் படங்களில் மனதைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தார். பாரிஸில் க்ளேர் என்பவரின் ஓவியக்கூடத்தில் சேர்ந்தபோது கூடப் படித்தவர்கள் மோனே, ரெனுவார், பாஸீல். அப்பாவின் பணம் இருந்தவரை கவலையில்லை. 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதிய போரில் குடும்ப வியாபாரம் நொடித்துப்போனது. அதற்கப்புறம் கடைசிவரை பணக்கஷ்டம்தான்.

ரெனுவார் மனிதர்களை வரைந்தார், மோனே ரயில் நிலையத்தைக்கூட வரைந்தார். சிஸ்லி மட்டும் நிலக்காட்சியை விட்டு அனேகமாக நகரவே இல்லை. பாரிஸுக்கு மேற்கே லூவ்சியென், மார்லி-லெ-ருவா, பிறகு தென்கிழக்கே மோரே-சூர்-லுவான் என்று ஆற்றங்கரைச் சிற்றூர்களிலேயே குடியிருந்தார். 1874இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் அவர் படங்களும் இருந்தன. 1899இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார்.

படி 1: வரைவதற்கு முன் பாருங்கள்

சேன் நதி கரை புரண்டு போர்-மார்லி ஊருக்குள் புகுந்திருக்கிறது. இடப்பக்கம் மது வியாபாரி ஒருவரின் கடைக்கட்டடம் தண்ணீரில் நிற்கிறது. அதன் ஓரத்தில் படகுகள், சில ஆட்கள். வலப்பக்கம் இலையில்லாத மரங்கள் வரிசையாக உள்ளே போகின்றன. மேலே பெரிய, மேகம் நிறைந்த வானம்.

இதில் ஒருவரும் ஓடவில்லை, கையை உயர்த்திக் கதறவும் இல்லை. வெள்ளம் என்றாலே பரிதாபத்தை வரையத் தோன்றும். சிஸ்லி அப்போது பக்கத்திலேயே மார்லி-லெ-ருவாவில் குடியிருந்தவர், 1872 வெள்ளத்தையும் இதே ஊரில் வரைந்தவர். அவர் கண்ணுக்குப் பட்டது, தெருவில் இறங்கிவிட்ட வானம். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த விஷயமே இந்த நிதானம்தான்.

இப்போது கண்களைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். நுணுக்கம் எல்லாம் மறைந்து வெளிச்சமான பகுதி, நடுத்தரம், இருட்டு என்று மூன்று மட்டும் மிஞ்சும். ஒரு தாளில் பென்சிலால் அந்த மூன்றை மட்டும் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பொருட்கள்

மூலப்படம் 60 செ.மீ. உயரம், 81 செ.மீ. அகலம். அதாவது கிட்டத்தட்ட மூன்றுக்கு நான்கு. நீங்கள் 12க்கு 16 அங்குல கான்வாஸ் போர்டு வாங்கினால் அளவு ஒத்துவரும்.

வண்ணங்கள் ஏழு போதும்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், செருலியன் நீலம், எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), லெமன் எல்லோ, கிரிம்சன், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). கறுப்பு வாங்காதீர்கள். வாங்கினால் கை தானாக அதற்குப் போகும், நிழலெல்லாம் கரி பூசியதாகிவிடும். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் போதுமான இருட்டு கிடைக்கும். வெள்ளை சேர்த்தால் அதுவே அழகான சாம்பல். (சிஸ்லி காலத்து வெள்ளை ஈயத்தில் செய்தது, விஷம். அந்த ஒரு விஷயத்தில் அவரைப் பின்பற்ற வேண்டாம்.)

பிரஷ் மூன்று: ஓர் அங்குலம், அரை அங்குலம், கால் அங்குலம். எல்லாமே தட்டை முனை, கொஞ்சம் விறைப்பான முடி. ஆயில் பெயிண்ட் என்றால் டர்பன்டைனும் ஆளிவிதை எண்ணெயும் வேண்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அக்ரிலிக்கிலும் செய்யலாம், ஆனால் அது வண்ணம் கலக்கும் தட்டிலேயே காய்ந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு பாட்டில் வாங்கி இரண்டு சொட்டு கலந்துகொண்டால் சமாளிக்கலாம்.

இந்த மாதிரி டியூப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய் வரைவது அன்றைக்குப் புதிய வசதி. ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் பிதுக்கும் உலோக டியூப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் ஆயில் பெயிண்டைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். அதைச் சுமந்துகொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து நாள்தோறும் வரைவது லேசான வேலை இல்லை.

படி 3: கோட்டுருவம்

பர்ன்ட் சியன்னாவை மோர் பதத்துக்குக் கரைத்து, சிறிய பிரஷ்ஷால் வரையுங்கள். தண்ணீர் முடியும் கோட்டைப் போர்டின் நடுவுக்குக் கீழே வையுங்கள், வானத்துக்குத்தான் பெரிய பங்கு. இடப்பக்கம் கட்டடத்துக்கு ஒரு பெட்டி, வலப்பக்கம் மரங்களுக்கு உள்நோக்கிக் குறுகும் சில கோடுகள். ஜன்னல், படகு, ஆள் எதுவும் இப்போது வேண்டாம். ஐந்து நிமிடத்தில் முடியாவிட்டால் தேவைக்கு மேல் வரைகிறீர்கள் என்று அர்த்தம்.

படி 4: வானம்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். கலை விமர்சகர் தாவெர்னியேவுக்கு எழுதிய கடிதத்தில் சிஸ்லி, தான் எந்தப் படத்தையும் வானத்திலிருந்தே தொடங்குவதாகச் சொல்கிறார். வானம் வெறும் பின்திரை ஆகிவிடக் கூடாது, நிலத்தைப் போல அதற்கும் அடுக்கடுக்காகத் தளங்கள் உண்டு, படத்துக்கு ஆழம் தருவது அதுதான் என்பது அவர் கருத்து.

கையால் செய்யும்போது அது இப்படி வரும். முதலில் நீலம். உச்சியில் அல்ட்ராமரின் கொஞ்சம், வெள்ளை நிறைய. கீழே வர வர செருலியனுக்கு மாறி, அடிவானத்தருகே வெள்ளையோடு ஒரு துளி எல்லோ ஆக்கர். மேகம் வரவேண்டிய இடத்தைக் காலியாக விடுங்கள். நீலத்தை முழுக்கப் பூசிவிட்டு அதன்மேல் வெள்ளையை அப்பினால் எல்லாம் கலந்து வெளிறிப்போகும்.

அப்புறம் மேகத்தின் அடிப்பகுதி. அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, வெள்ளை சேர்த்த சாம்பலில் ஊசிமுனை அளவு கிரிம்சன். கடைசியாக வெளிச்சம் படும் மேல்விளிம்பு. வெள்ளையில் சிறிது எல்லோ ஆக்கர் கலந்து தடிமனாக ஒரே இழுப்பில் வையுங்கள், திரும்பத் தொடாதீர்கள். மேலே இருக்கும் மேகம் பெரிதாகவும், அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறிதாகவும், தட்டையாகவும், நெருக்கமாகவும் இருக்கட்டும். இது ஒன்று சரியாக அமைந்தாலே போர்டு உள்ளே போவதுபோலத் தெரியத் தொடங்கும்.

படி 5: கட்டடமும் மரங்களும்

வானம் ஈரமாக இருக்கும்போதே கட்டடத்தைப் போடுங்கள். வெள்ளை, எல்லோ ஆக்கர், துளி கிரிம்சன் கலந்தால் வெளிறிய சூடான சுவர். நிழல் பக்கத்துக்கு அதே கலவையில் அல்ட்ராமரின். தட்டை பிரஷ்ஷை அகலமாக வைத்து, செங்கல் அடுக்குவதில்லை, சுவர் எழுப்புகிறோம் என்ற நினைப்போடு இழுங்கள். ஜன்னலுக்குச் சாம்பல்நீலத்தில் ஒவ்வோர் அழுத்தம் போதும். மரத்துக்குக் கீழிருந்து மேல் நோக்கி இழுத்து, முடிவில் பிரஷ்ஷைத் தூக்கிவிடுங்கள். நுனி தானே மெலியும்.

படி 6: தண்ணீர்

தண்ணீருக்குத் தனி நிறம் தேடாதீர்கள். தட்டில் மிச்சமிருக்கும் வான நிறங்களை ஒரு படி மங்கலாக்கினால் அதுதான் தண்ணீர். வெள்ள நீர் என்பதால் எல்லோ ஆக்கர் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கலாம்.

கட்டடத்தின் பிம்பத்தை முதலில் செங்குத்தாகக் கீழே இழுங்கள். பிறகு அதன் குறுக்கே படுக்கைவசத்தில் குட்டிக்குட்டித் தீற்றல்கள். வெளிச்சமான பொருளின் பிம்பம் பொருளைவிடக் கொஞ்சம் இருட்டாகவும், இருட்டான பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். தீற்றல்கள் அருகில் அகலமாகவும், தூரத்தில் கோடாகவும் இருக்கட்டும். நடுவே அடியிலிருக்கும் கோட்டுருவத்தின் பழுப்பு எட்டிப்பார்த்தால் விட்டுவிடுங்கள்.

ஒரே படத்துக்குள் பரப்புக்குப் பரப்பு கைவேலை மாறலாம் என்பதும் அதே கடிதத்தில் சிஸ்லி சொன்னதுதான். வானத்தில் வீச்சு, சுவரில் பட்டை, தண்ணீரில் துண்டு. மூன்றும் ஒரே மாதிரி ஆகிவிட்டதா? பிரஷ்ஷை மாற்றுங்கள்.

படி 7: படகும் ஆட்களும்

கடைசி ஐந்து நிமிடம். ஓர் ஆளுக்கு இரண்டு தொடுகை: உடலுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று. முகம் வரைந்தால் படம் கெட்டது.

அதோடு நிறுத்துங்கள். ஆயில் என்றால் தூசி படாத இடத்தில் சாய்த்து வையுங்கள், தடித்த மேகங்கள் காய வாரக்கணக்கில் ஆகும்.

இந்தப் படம் முதலில் விலைபோனது 180 பிராங்குக்கு. சிஸ்லி இறந்த மறு வருடம், 1900இல் நடந்த ஏலத்தில் காமொந்தோ என்ற சேகரிப்பாளர் இதை 43,000 பிராங்குக்கு எடுத்தார். அந்த ஓராண்டு இடைவெளியை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

உங்கள் போர்டின் முன்பக்கம் சிஸ்லியின் கையெழுத்தைப் போடாதீர்கள். பின்பக்கம் 'சிஸ்லியைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, உங்கள் பெயரும் தேதியும் போடுங்கள். அடுத்த பயிற்சிக்கு 1878இல் அவர் வரைந்த 'லூவ்சியெனில் பனி' நல்லது. கலவைகள் இதே ஏழு வண்ணம்தான், வெள்ளை மட்டும் இரண்டு டியூப் வாங்கி வையுங்கள்.