தோட்டத்துத் திருவிழா மேடைக்கு நெட்வொர்க் கேபிளில் லைட் சிக்னல்

முதலில் சனல் கணக்கைப் போடுங்கள். லைட்டின் நிறம், வெளிச்சம், அசைவு என்று தனித்தனியே கட்டுப்படுத்தும் ஒவ்வொன்றும் ஒரு சனல். 7 சனல் எல்.ஈ.டி. பார் 12 என்றால் 84, 16 சனல் மூவிங் ஹெட் 4 என்றால் 64, மொத்தம் 148. லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டி.எம்.எக்ஸ். லைன் ஒன்று, அதாவது ஒரு யூனிவர்ஸ், 512 சனல் தாங்கும். இவ்வளவுதான் உங்கள் மேடை என்றால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். நல்ல டி.எம்.எக்ஸ். கேபிள் ஒன்றை இழுத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

கோயில் முகப்பு வளைவில் பிக்சல் எல்.ஈ.டி. கட்டும்போதுதான் கணக்கு மாறும். ஒவ்வொரு விளக்கும், அதாவது பிக்சலும், தனியே நிறம் மாறுவதால் ஒன்றுக்கு 3 சனல். ஒரு யூனிவர்ஸில் 170 பிக்சல்தான் அடங்கும். 300 பிக்சல் வளைவுக்கே 2 யூனிவர்ஸ் போய்விடும், மேடையோடு சேர்த்து 3. இந்த மூன்றையும் ஒரே நெட்வொர்க் கேபிளில் அனுப்பலாம். ஒரு யூனிவர்ஸ் முழு வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு 0.2 மெகாபிட் அளவுதான் வரும். 100 மெகாபிட் ஸ்விட்ச் தாராளம், ஜிகாபிட்டுக்குக் காசு கொட்டத் தேவையில்லை.

வேண்டிய சாமான்கள்: லைட் மென்பொருள் போட்ட லேப்டொப், 5 போர்ட் சாதாரண ஸ்விட்ச், நெட்வொர்க் சிக்னலை வாங்கி டி.எம்.எக்ஸ். வெளியே தரும் நோட் பெட்டி, ஆர்ட்-நெட் (டி.எம்.எக்ஸ். சிக்னலை நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) வாங்கும் பிக்சல் கொன்ட்ரோலர், வெளியிடத்துக்கான கெட் 5இ அல்லது கெட் 6 கேபிள், லைன் முடிவில் செருகும் 120 ஓம் டெர்மினேட்டர், இரண்டு சிறிய யூ.பி.எஸ். லேப்டொப்பிலிருந்து நீளக் கேபிள் மேடைக்கு வரும். ஸ்விட்ச் மேடைப் பக்கம் இருக்கும். நோட்டும் கொன்ட்ரோலரும் அதிலிருந்து பிரியும்.

கேபிளை அளக்கும்போது கண்ணுக்குத் தெரியும் தூரத்தை நம்பாதீர்கள். மைதானம் மேலே, மேடை இரண்டு படிக்கட்டு கீழே என்றிருக்கும் இடத்தில் 70 மீற்றர் என்று நினைத்தது, சரிவில் இறங்கி மதிலைச் சுற்றி வந்தால் 110 ஆகிவிடும். வரம்பு 100 மீற்றர். அதைத் தாண்டினால் லிங்க் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், டேட்டா பக்கெட்டுகள் மட்டும் தொலையும்.

இனி ஐ.பி., அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் வைக்கும் முகவரி. லேப்டொப்புக்கு 2.0.0.10, நோட்டுக்கு 2.0.0.21, பிக்சல் கொன்ட்ரோலருக்கு 2.0.0.22, எல்லாவற்றுக்கும் மாஸ்க் 255.0.0.0. கேட்வே வெறுமையாக இருக்கட்டும். லேப்டொப்பில் வைஃபையை அணையுங்கள். இரண்டு வழி திறந்திருந்தால் மென்பொருள் தவறான வழியில் அனுப்பிவிட்டு, அனுப்பியதாகவே காட்டும். பிறகு இரண்டு பெட்டிக்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். பிங் வருகிறது, ஆனால் மென்பொருளின் பட்டியலில் நோட் தெரியவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வோலைப் பாருங்கள். கேட்வே இல்லாத நெட்வொர்க்கை விண்டோஸ் பொது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு, நோட் அனுப்பும் பதிலை மறித்துவிடும். மென்பொருளுக்கு யூ.டி.பி. 6454 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது எண்ணில்தான். ஆர்ட்-நெட்டில் யூனிவர்ஸ் 0இல் தொடங்கும், இதே வேலைக்கான இன்னொரு முறையான எஸ்.ஏ.சி.என்.இல் 1இல். மென்பொருளில் முதல் யூனிவர்ஸ் 1 என்று எழுதியிருக்கும், நோட்டில் அதே லைன் 0 ஆக இருக்கும். மேடையில் ஒரு லைட்டும் அசையாவிட்டால் கேபிளைக் கழற்றுமுன் இந்த எண்ணை ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

இரண்டில் எது? இந்த அளவு மேடைக்கு ஆர்ட்-நெட்டே போதும், பெட்டியின் ஐ.பி.யைக் குறித்து நேரே அதற்கே அனுப்பும்படி வையுங்கள். எஸ்.ஏ.சி.என். வழக்கமாக மல்டிகாஸ்டில், அதாவது கேட்கும் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே அனுப்பாக, ஓடும். விலைகூடிய ஸ்விட்சில் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்கை (கேட்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி) போட்டு, யார் கேட்கிறார்கள் என்று அடிக்கடி விசாரிக்கும் குவெரியரைப் போடாமல் விட்டால், சில நிமிடம் நன்றாக ஓடிவிட்டு லைட் அப்படியே உறைந்து நிற்கும். ஆனால் மாற்று லேப்டொப் வைப்பவர்களுக்கு எஸ்.ஏ.சி.என். நல்லது. முன்னுரிமை எண் 0 முதல் 200 வரை. பிரதான லேப்டொப் 100, மாற்று 90 என்று வைத்தால் ஒன்று விழுந்ததும் மற்றது எடுத்துக்கொள்ளும். ஆர்ட்-நெட்டில் நோட் இரண்டையும் கலந்து, கூடிய வெளிச்சத்தையே எடுப்பது வழக்கம். அதனால்தான் யாரோ மூடாமல் விட்ட இரண்டாவது லேப்டொப்பால் மேடை இருட்டாகவே மறுக்கும்.

நோட்டுக்குப் பின்னால் பழைய டி.எம்.எக்ஸ். சட்டம்தான்: ஒரு லைனில் 32 கருவிக்கு மேல் வேண்டாம், நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டாம், கடைசி லைட்டில் டெர்மினேட்டர் செருகுங்கள். மைக் கேபிள் பொருந்துகிறதே என்று மாட்டினால் லைட் துடிக்கும்.

மலைநாட்டில் பெரிய எதிரி மின்னல். மாசி முதல் சித்திரை வரை திருவிழாக் காலம். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடியும் அதே காலம்தான். திறந்த சரிவில் கிடக்கும் நீளச் செப்புக் கேபிளில் பக்கத்தில் விழும் மின்னலே போர்ட்டைச் சுட்டுவிடும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, இரண்டு முனையையும் கழற்றுங்கள். ஆண்டுதோறும் செய்பவர்கள் ஃபைபரும், செப்புக்கும் ஃபைபருக்கும் இடையே மாற்றும் இரண்டு மீடியா கன்வேர்ட்டரும் வாங்கிவிடுவது மேல். உள்ளே எஃகுக் கம்பி இல்லாத ஃபைபராகப் பாருங்கள். செப்புதான் என்றால் ஷீல்ட் (உலோக உறை) இல்லாத கேபிள் போடுங்கள். லேப்டொப் லயத்துக் கரண்டிலும் மேடை ஜெனரேட்டரிலும் ஓடும்போது, ஷீல்ட் இரண்டு எர்த்தையும் இணைத்துவிடும்.

பனிமூட்டம் இறங்கும் இரவில் ஸ்விட்சையும் நோட்டையும் பொலித்தீனில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளேயே வியர்த்துவிடும். கீழ்ப்பக்கம் திறந்த பெட்டியில் வைத்து, மாலையிலிருந்தே கரண்ட் கொடுத்து வையுங்கள். அந்தச் சூடே ஈரத்தை அண்டவிடாது. கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் வளைவில் சொட்டிப் போகும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் சில நொடியில் ஸ்விட்ச் மறுபடி எழும்ப நேரமெடுக்கும். ஒரு யூ.பி.எஸ். லேப்டொப்புக்கு, மற்றது ஸ்விட்சுக்கும் நோட்டுக்கும் கொன்ட்ரோலருக்கும். லைட்டுகளை அதில் மாட்ட வேண்டாம். கடைசியாக, கூத்து தொடங்குமுன் லைட்டெல்லாம் எரியும்போதே லேப்டொப் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். மேடை இருண்டால் நோட்டின் அமைப்பில், சிக்னல் நின்றால் கடைசி நிலையையே பிடித்திருக்கும்படி மாற்றிவிட்டு மறுபடி பிடுங்குங்கள்.