ஐசோமர் தரவைப் பகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்களின் ஐசோமர்களை (கிளர்ந்த நிலையில் சற்று நேரம் தங்கிப் பிறகு சிதையும் கருக்களை) பகுக்கப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், நான் செய்த தவறுகளையே அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். கண்டறிவானின் அளவுதிருத்தம் போன்றவற்றை யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே எழுதுவது, யாரும் சொல்லாமல் விடுகிறவற்றை.

பறக்கும் அயனியில் எலக்ட்ரான் இல்லை என்பதை மறப்பது

எனக்கு இன்னும் கோபம் வருவது இதில்தான். கற்றை மோதும் இலக்கில் பிறந்த அயனி, வேண்டிய கருவைப் பிரித்தெடுக்கும் பிரிப்பானைக் கடந்து, அதை நிறுத்தும் தடுப்பில் நின்ற பிறகுதான் அதன் காமா கதிரைப் பார்க்கிறோம். வழியில் சிதைந்தவற்றுக்குத் திருத்தம் போட்டால்தான் ஐசோமர் விகிதம், அதாவது இலக்கில் உருவானவற்றில் எத்தனை பங்கு ஐசோமர் என்பது, கிடைக்கும். அந்தத் திருத்தத்தில் தடுப்பில் அளந்த அரை ஆயுளையே போட்டுவிடுகிறார்கள்.

தடுப்பில் இருப்பது நடுநிலை அணு. குறைந்த ஆற்றல் மாற்றங்களில் கரு பெரும்பாலும் காமாவை விடாது. ஆற்றலைத் தன் எலக்ட்ரான் ஒன்றிடம் கொடுத்து அதை வெளியே தள்ளும். இதுதான் அக மாற்றம். எலக்ட்ரான் முழுதும் உரிந்த அயனியில் அந்த வழி அடைபட்டுவிடும். சிதைய ஒரே மாற்றம்தான் உண்டு என்றால், அரை ஆயுள் (1 + ஆல்ஃபா) மடங்கு நீளும். ஒரு காமாவுக்கு எத்தனை அக மாற்றம் என்ற விகிதம்தான் ஆல்ஃபா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆல்ஃபா 9, தடுப்பில் அளந்தது 100 நானோவினாடி என்றால், பறக்கும்போது 1000. ஒளிவேகத்தில் 0.6 பங்கு வேகம், பாதை 67.5 மீட்டர்: நம் கடிகாரத்தில் 375 நானோவினாடி, அயனியின் கடிகாரத்தில் 300. 100 என்று வைத்தால் எட்டில் ஒன்றுதான் பிழைக்கும். 1000 என்று வைத்தால் 81 சதவீதம். தடுப்புக்கு வந்தவற்றில் 10 சதவீதம் ஐசோமர் என்றால், முதல் கணக்கு இலக்கில் 80 சதவீதம் என்று சொல்லும். உண்மை 12 சொச்சம்.

அதிகச் சுழல் நிலைகள் எதிர்பார்த்ததைவிட ஏராளமாக உருவாகின்றன என்று நான் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறேன். கோட்பாட்டு நண்பர்களும் இரண்டு மாதம் அதன் பின்னால் ஓடினார்கள். ஒரு மூத்தவர் வரைபடத்தைப் பார்த்து, "குறைந்த ஆற்றல் மாற்றம் உள்ளதெல்லாம் மட்டும் ஏன் மேலே நிற்குது?" என்று கேட்டார். அந்த இரண்டு மாதமும் வீண். காமா எண்ணிக்கையைத் திருத்தும்போது ஆல்ஃபாவைச் சரியாகப் போட்டிருந்தேன். நிரலில் இரண்டு வரி தள்ளி, பறக்கும் நேரத்துக்கான திருத்தத்தில் அதே ஆல்ஃபாவை மறந்திருந்தேன். இன்று வருகிறவர்களின் நிரலிலும் அதே இரண்டு வரிகள்!

ஓரிரு எலக்ட்ரான் ஒட்டியிருந்தால் வழி முழுதாக அடையாது என்பதையும் கவனியுங்கள். நடுவே தகடு இருந்தால் மின்னூட்டம் அங்கே மாறலாம்; அப்போது பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

எல்லா ஆற்றலுக்கும் ஒரே நேர வாயில்

ஜெர்மானியக் கண்டறிவானில் குறைந்த ஆற்றல் சமிக்ஞை தாமதமாகத்தான் தூண்டும். அயனி நின்றபின் எப்போதிலிருந்து எண்ணுவது என்ற நேர வாயிலை எல்லா ஆற்றலுக்கும் ஒன்றாகவே வைத்தால், அயனி நிற்கும் கணத்தில் எழும் கதிர்வீச்சு ஐசோமர் வேடத்தில் உள்ளே வரும்.

எந்த வரிக்கு அரை ஆயுள்?

காட்மியம்-130 இல் 128, 138, 539, 1325 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா வரிகள் நான்கும் சுமார் 220 நானோவினாடி காட்டும். ஆனால் ஐசோமர் ஒன்றுதான்: 2130 இல் உள்ள, சுழல் 8 கொண்ட 8+ நிலை. மற்ற வரிகள் அதன் சிதைவைத் தொடர்ந்து வருபவை; அதன் அரை ஆயுளையே காட்டுகின்றன. 1325 வரிக்கு வீஸ்கோப் மதிப்பீடு (ஒரு மாற்றத்துக்கு எதிர்பார்க்கும் ஆயுளின் தோராயக் கணக்கு) போட்டு உட்காராதீர்கள்.

0+ இலிருந்து 0+ க்குக் காமா தேடுவது

சுழல் பூஜ்யத்திலிருந்து சுழல் பூஜ்யத்துக்கு ஒற்றைக் காமா வராது. நிக்கல்-68 இன் 1604 கிலோ எலக்ட்ரான்வோல்ட் நிலைக்கு எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் தேடுங்கள்.